சலிப்போடு வரிசையில் நிற்கும் வாக்காளர்: அமெரிக்கக் கட்சி அரசியலில் எங்கே பிழை?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களைக் குழப்பும் முரண்பாடு ஒன்று உண்டு. பியூ ஆய்வு மையம் 2023-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், அரசியலை நினைத்தாலே எப்போதும் அல்லது அடிக்கடி களைப்பு ஏற்படுவதாக 65 சதவீதம் பேர் கூறினர். நம்பிக்கை பிறப்பதாகச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். நாட்டின் அரசியல் அமைப்பு நன்றாக இயங்குகிறது என்று உறுதியாகச் சொன்னவர்கள் வெறும் 4 சதவீதம். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டையுமே பிடிக்கவில்லை என்றவர்கள் 28 சதவீதம். இவ்வளவு வெறுத்துப்போன மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. 2020 அதிபர் தேர்தலில் தகுதியுள்ள வாக்காளர்களில் சுமார் 66 சதவீதம் பேர் வாக்களித்தனர். அதற்கு முந்தைய நூறாண்டுக் காலத்தில் அந்த அளவு எட்டப்பட்டதே இல்லை. 2024-இலும் அது 64 சதவீத அளவில் நின்றது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. நாடாளுமன்றத்தின் செயல்பாடு திருப்தி தருகிறது என்போர் பல ஆண்டுகளாகவே ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். ஆனால் அதே நாடாளுமன்றத்தின் கீழவைக்கு மறுபடியும் போட்டியிடும் உறுப்பினர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெற்றி பெற்றுத் திரும்புகிறார்கள். மக்களுக்குப் பிடிக்காத ஓர் அவை, அதே மக்களின் வாக்கால் ஏறக்குறைய மாறாமல் திரும்பத் திரும்ப அமைகிறது.

தலைவர்களின் குணத்தை வைத்தோ மக்களின் அக்கறையின்மையை வைத்தோ இதை விளக்கிவிட முடியாது. பெரும்பாலான அமெரிக்க வாக்காளர்களின் கைக்கு நவம்பர் மாதத்தில் வாக்குச்சீட்டு வந்து சேரும்போது, முடிவு அதற்கு முன்பே வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் சிக்கலின் வேர். அந்த ‘வேறெங்கோ’ எது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சில அடிப்படைகள்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். கீழவையான பிரதிநிதிகள் அவையில் 435 உறுப்பினர்கள். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். செனட்டில் 100 உறுப்பினர்கள். மாநிலத்தின் மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் மாநிலத்துக்கு இருவர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். கீழவைக்கு இரண்டு ஆண்டுக்கொரு தேர்தல் என்பதால், ஒரு பிரசாரம் ஓய்வதற்குள் அடுத்ததற்கான நிதி திரட்டல் தொடங்கிவிடுகிறது. மக்களின் களைப்புக்கு இந்த இடைவிடாத தேர்தல் இரைச்சலும் ஒரு காரணம்.

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் வெளியிட்ட விடைபெறும் உரையில் கட்சி மனப்பான்மையின் தீமைகளைப் பற்றி நாட்டை எச்சரித்தார். ஆனாலும் இரு கட்சிகள் உருவாயின. பெயர்கள் மாறினாலும் இரண்டு என்ற எண்ணிக்கை மாறவில்லை. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவருக்கு வெற்றி என்ற முறையில் மூன்றாவதாக வருபவர் பெறும் வாக்கு இடமாக மாறுவதில்லை என்பதே இதற்கு முதன்மைக் காரணம். 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ நாடு முழுவதும் ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. 2000-இல் புளோரிடா மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர் 97,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். ஜனநாயகக் கட்சியின் அல் கோர் அந்த மாநிலத்தை வெறும் 537 வாக்குகளில் இழந்தார். அதனால் அதிபர் பதவியையும் இழந்தார். இந்த அனுபவங்களுக்குப் பிறகு, மூன்றாம் கட்சிக்கு வாக்களிப்பது தனக்குப் பிடிக்காதவரை ஜெயிக்க வைப்பதில்தான் முடியும் என்ற அச்சம் வாக்காளரிடம் ஊறிப்போனது. அதைப் பகுத்தறிவற்ற அச்சம் என்று தள்ளிவிடவும் முடியாது.

தமிழ் வாசகர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். கட்சித் தலைமை கூடி வேட்பாளர் பட்டியலை வெளியிடும் வழக்கம் அங்கே இல்லை. ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதையே ஒரு தேர்தல் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதன் பெயர் பிரைமரி.

## பிரைமரி: உண்மையான போட்டி நடக்கும் களம்

பிரைமரி முறை ஜனநாயகத்தை ஆழப்படுத்தக் கொண்டுவரப்பட்டது. புகை மண்டிய அறைகளில் கட்சிப் பெருந்தலைகள் வேட்பாளரை முடிவு செய்த காலத்துக்கு எதிராக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தவாதிகள் போராடிப் பெற்ற உரிமை அது. இன்றைய நிலைமையில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சியின் கோட்டைகள். 2024-இல் அதிபருக்கு ஒரு கட்சியையும் கீழவைக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்தெடுத்த தொகுதிகள் 435-இல் 16 மட்டுமே.

2. கோட்டைத் தொகுதியில் நவம்பர் தேர்தல் சடங்காகிவிடுகிறது. அந்தக் கட்சியின் பிரைமரியில் வென்றவரே உறுப்பினர்.

3. பிரைமரியில் வாக்களிப்போர் மிகக் குறைவு. அதிபர் தேர்தல் இல்லாத இடைக்காலத் தேர்தல் ஆண்டுகளில் தகுதியுள்ளோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் வருகிறார். பல மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரர் என்று பதிவு செய்துகொண்டவருக்கு மட்டுமே அனுமதி. இதற்கு மூடிய பிரைமரி என்று பெயர்.

4. அப்படி வருபவர்கள் சராசரி வாக்காளரைவிடக் கட்சிப்பற்றும் கொள்கைப் பிடிவாதமும் மிகுந்தவர்கள். ஆகவே பதவியில் இருப்பவர் அஞ்ச வேண்டியது எதிர்க்கட்சியை அல்ல, தன் கட்சிக்குள்ளேயே இருக்கும் இந்தச் சிறுபான்மையை.

எடுத்துக்காட்டாக, நியூயார்க்கின் 14-ஆவது தொகுதியை எடுத்துக்கொள்வோம். குயின்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளில் சுமார் ஏழு லட்சம் மக்கள் வாழும் தொகுதி. அதன் உறுப்பினர் ஜோ கிரௌலி, கீழவையில் ஜனநாயகக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். 2018 ஜூன் மாதப் பிரைமரியில் அலெக்சாண்ட்ரியா ஒக்காசியோ-கோர்டெஸ் அவரைத் தோற்கடித்தார். அன்று பதிவான மொத்த வாக்குகள் 30,000-ஐக்கூட எட்டவில்லை. நவம்பரில் அவர் பெருவாரியான வாக்குகளில் வென்றது செய்தியே அல்ல, ஏனெனில் அந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சி தோற்காது. நியூயார்க்கில் நடப்பது மூடிய பிரைமரி. அந்தத் தொகுதியில் வாழும் சுயேச்சை வாக்காளருக்கு, முடிவைத் தீர்மானித்த ஒரே நாளில் வாக்குரிமை இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியாவில் இதுவே குடியரசுக் கட்சியில் நடந்தது. கீழவையின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், சுமார் 65,000 வாக்குகள் மட்டுமே பதிவான ஒரு பிரைமரியில், பெயர் அறியப்படாத பேராசிரியர் ஒருவரிடம் தோற்றார். புதியவர்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஏழு லட்சம் பேருக்கான முடிவைச் சில பத்தாயிரம் பேர் எடுத்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

இந்த முறை ஓர் உறுப்பினரின் நடத்தையை எப்படி வளைக்கிறது என்பதற்கு 2021 ஜனவரி நிகழ்வுகள் சான்று. நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டதற்குப் பிறகு, டொனால்ட் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு ஆதரவாகக் குடியரசுக் கட்சியின் கீழவை உறுப்பினர்கள் பத்துப் பேர் வாக்களித்தனர். அந்தப் பத்துப் பேரில் நால்வர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. வயோமிங்கின் லிஸ் சேனி உள்ளிட்ட நால்வர் பிரைமரியில் தோற்றனர். மீண்டும் அவைக்குத் திரும்பியவர்கள் இருவர் மட்டும்: கலிபோர்னியாவின் டேவிட் வலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். இந்த இரு மாநிலங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அங்கே கட்சிக்கொரு பிரைமரி கிடையாது. எல்லா வேட்பாளரும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், எல்லா வாக்காளரும் வாக்களிப்பார்கள், முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். வாஷிங்டனில் இதே முறையில் அந்தப் பத்துப் பேரில் இன்னொருவரான ஜேமி ஹெரேரா பியூட்லர் தோற்றதும் உண்மை. ஆகவே இம்முறை உறுதியான கவசம் அல்ல. ஆயினும் தப்பிய இருவருமே அத்தகைய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனமில்லை.

## வரைபடம்: வாக்காளரைத் தேர்ந்தெடுக்கும் வேட்பாளர்கள்

பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதி எல்லைகள் திருத்தப்படுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அந்த வேலை மாநிலச் சட்டமன்றத்தின் கையில், அதாவது அங்கே பெரும்பான்மை பெற்ற கட்சியின் கையில் இருக்கிறது. தன் கட்சிக்கு அதிக இடம் கிடைக்கும்படி எல்லைகளை வளைத்து நெளித்து வரைவதற்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். உத்திகள் இரண்டுதான்: எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒன்றிரண்டு தொகுதிகளில் குவித்து அடைத்துவிடுவது; அல்லது அவர்களைப் பல தொகுதிகளில் சிதறடித்து எங்கும் பெரும்பான்மை இல்லாமல் செய்வது.

இது மறைவில் நடக்கும் சதி அல்ல. வடக்கு கரோலினாவில் இரு கட்சிகளின் செல்வாக்கும் ஏறக்குறையச் சமம். அங்கே 2016-இல் வரைபடத்துக்குப் பொறுப்பேற்ற டேவிட் லூயிஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர், 13 தொகுதிகளில் 10 தம் குடியரசுக் கட்சிக்கும் 3 ஜனநாயகக் கட்சிக்கும் கிடைக்கும்படி வரையச் சொன்னதற்குக் காரணம், 11-க்கு 2 என்று வரைய முடியும் எனத் தமக்குத் தோன்றாததுதான் என்று சட்டமன்றக் குழுவிலேயே வெளிப்படையாகச் சொன்னார். மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி தன் பங்குக்கு ஒரு தொகுதியை வளைத்து எட்டுத் தொகுதிகளில் ஏழு தொகுதிகளைக் கைப்பற்றியது. இரண்டு வழக்குகளும் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதில் தலையிடக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2019-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட கதவு எங்கே கொண்டுபோகும் என்பது 2025-இல் தெரிந்தது. கணக்கெடுப்புக்கு இன்னும் ஐந்தாண்டு இருக்கும்போதே, அதிபர் டிரம்பின் வற்புறுத்தலின் பேரில், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் நோக்கில் டெக்சஸ் தன் வரைபடத்தை மாற்றியது. வாக்கெடுப்பு நடக்கவிடாமல் தடுக்க ஜனநாயகக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே வெளியேறி இல்லினாய் உள்ளிட்ட இடங்களில் தங்கினர். இரண்டு வாரங்களுக்குப் பின் அவர்கள் திரும்பியதும் சட்டம் நிறைவேறியது. பதிலடியாகக் கலிபோர்னியா ஒரு பொதுவாக்கெடுப்பை முன்வைத்தது. கட்சி சாராத குடிமக்கள் ஆணையம் தொகுதிகளை வரையும் முறையை 2008-இலும் 2010-இலும் வாக்களித்து உருவாக்கிய மாநிலம் அது. நாட்டுக்கே முன்மாதிரி என்று புகழப்பட்டது. 2025 நவம்பர் 4 அன்று அதே வாக்காளர்கள் பெரும்பான்மையுடன் அந்த ஆணையத்தின் வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்து, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தை ஏற்றனர். எதிரி ஆயுதம் எடுத்திருக்கும்போது நாம் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா என்பதே அவர்களின் கேள்வி. அவர்களைக் குறை சொல்வது எளிதல்ல. ஆனால் நடுநிலை என்ற நிலமே சுருங்கிப்போவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அண்மைக் காலத்தில் இல்லை. இந்தியானா மாநில செனட் மட்டும் 2025 டிசம்பரில், குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை இருந்தும், அத்தகைய ஒரு வரைபடத்தை 31-க்கு 19 என்று நிராகரித்தது.

எல்லாப் பழியையும் வரைபடத்தின் மேல் போடுவதும் சரியாகாது. பெருநகரங்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், ஊர்ப்புறங்கள் குடியரசுக் கட்சிப் பக்கமும் தாமாகவே சாய்ந்துவிட்டன. கோடுகளை நேர்மையாக வரைந்தாலும் கோட்டைத் தொகுதிகள் பல மிஞ்சும்.

## அதிபர் தேர்தல்: ஏழு மாநிலங்களின் தேர்தல்

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் 270 பெறுபவரே அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும், அதிக வாக்கு பெற்றவர் அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தையும் அள்ளிக்கொள்கிறார். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு தழுவிய அளவில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2020-இல் ஜோ பைடன் 70 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் ஆகிய மூன்றில் அவர் பெற்ற முன்னிலை மொத்தம் சுமார் 43,000 வாக்குகள்தான்; அது கைநழுவியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கக்கூடும்.

இதனால் பாதிக்கப்படுவது ஒரு கட்சி மட்டும் என்று நினைப்பது தவறு. 2020-இல் டிரம்புக்கு மிக அதிக வாக்குகள் கிடைத்த மாநிலம் டெக்சஸோ புளோரிடாவோ அல்ல, கலிபோர்னியா. அங்கே 60 லட்சம் பேர் அவருக்கு வாக்களித்தனர். அந்த 60 லட்சத்தால் அவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்கு பூஜ்யம். டெக்சஸில் பைடனுக்கு வாக்களித்த 52 லட்சம் பேரின் கதையும் அதுவே. 2024-இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடக்கு கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழு ஊசலாடும் மாநிலங்களில்தான் வேட்பாளர்கள் கூடாரம் அடித்தார்கள். மற்ற மாநிலத்தவர் அந்தத் தேர்தலைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

## பிறகு ஏன் வாக்களிக்கிறார்கள்?

இங்கேதான் முதல் முரண்பாட்டுக்கு விடை இருக்கிறது. அமெரிக்க வாக்காளரை வாக்குச்சாவடிக்கு இழுத்து வருவது தன் கட்சியின் மீதுள்ள பற்று அல்ல. மற்றக் கட்சியின் மீதுள்ள அச்சம். அரசியல் அறிவியலாளர்கள் இதை எதிர்மறைக் கட்சிச்சார்பு என்கிறார்கள். ஷாந்தோ ஐயங்கார் தலைமையிலான ஆய்வு ஒன்று இதைத் திருமண விஷயத்தை வைத்து அளந்தது. தன் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருந்துவோம் என்றவர்கள் 1960-இல் இரு கட்சியிலும் ஐந்து சதவீதம் அளவில்தான் இருந்தனர். 2010-இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் அப்படிச் சொன்னார்கள். நமக்குச் சாதி நினைவுக்கு வரும் இடத்தில் அங்கே கட்சி வந்து உட்கார்ந்திருக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. சொல்லப்போனால் 1950-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, இரு கட்சிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லாததால் வாக்காளருக்குத் தேர்வு இல்லாமல் போகிறது என்று கவலைப்பட்டது. அன்று தென் மாநிலங்களின் பழமைவாத ஜனநாயகக் கட்சியினரும், வடகிழக்கின் தாராளவாதக் குடியரசுக் கட்சியினரும் இருந்தார்கள். கட்சிக் கோட்டைத் தாண்டிக் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆனால் அந்த இணக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள். தென் மாநிலங்களில் அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதை இரு கட்சிகளும் கண்டும் காணாமல் இருந்ததும் அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியே. 1964 குடிமை உரிமைச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் அதை உடைத்தன. அதன்பின் தென்னகத்து வெள்ளையர்கள் படிப்படியாகக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்தனர். இனம், மதம், வாழிடம், படிப்பு எல்லாமே மெல்லக் கட்சிக் கோட்டோடு ஒன்றாகிவிட்டன. ஆகவே பழைய நல்லிணக்கத்துக்குத் திரும்புவோம் என்று ஏங்குபவர்கள், அது யாரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுயேச்சை வாக்காளர்களைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. 2023-இல் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்திடம் தம்மைச் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டவர்கள் 43 சதவீதம். இரு கட்சியையும்விட அதிகம். ஆனால் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று மேலும் கேட்டால், பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்சியைச் சொல்லிவிடுவார்கள். எப்பக்கமும் சாயாதவர் பத்தில் ஒருவர் அளவே. கட்சியின் பெயரைத் தாங்க வெட்கம், ஆனால் மற்றக் கட்சிக்குப் போட மனமில்லை. இந்த நிலையில் இருப்பவரின் வாக்கைப் பெற ஒரு கட்சி நல்லது செய்ய வேண்டியதில்லை. மற்றவர் வந்தால் என்ன ஆகும் என்று பயமுறுத்தினால் போதும். விளம்பரங்களும் அதையே செய்கின்றன. அரசியல் செலவுகளுக்கு நிறுவனங்கள் மீதிருந்த தடையை 2010-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதற்குப் பின், வேட்பாளரைச் சாராமல் வரம்பின்றிப் பணம் திரட்டும் சூப்பர் பேக் அமைப்புகள் பெருகின. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஒரு நீதிபதி இடத்துக்கான தேர்தலில் 10 கோடி டாலருக்கு மேல் செலவானது.

## விளைவு: ஆட்சி நகராதபோது ஆணைகள் நகர்கின்றன

செனட்டில் பெரும்பாலான சட்ட முன்வரைவுகளின் மீதான விவாதத்தை முடிக்க 60 வாக்குகள் தேவை. இந்த எண்ணிக்கை கிடைக்காதவரை சிறுபான்மைக் கட்சி தடுத்து நிறுத்தலாம். இதற்குப் பிலிபஸ்டர் என்று பெயர். சமரசம் செய்தால் பிரைமரியில் தண்டனை என்ற நிலையில் 60-ஐ எட்டுவது அரிதாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் எல்லைப் பாதுகாப்பு குறித்து இரு கட்சி செனட்டர்களும் மாதக்கணக்கில் பேசி உருவாக்கிய முன்வரைவை டிரம்ப் எதிர்த்ததும், சில நாட்களில் அது சரிந்தது. பேச்சுவார்த்தையில் முன்நின்ற குடியரசுக் கட்சி செனட்டர் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டைச் சொந்த மாநிலக் கட்சிக்காரர்களே கண்டித்தனர். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, வரவு செலவு ஒப்புதல் இல்லாமல் அரசு அலுவலகங்கள் 43 நாட்கள் முடங்கின. அமெரிக்க வரலாற்றில் அதற்குமுன் அத்தனை நீண்ட முடக்கம் இல்லை.

நாடாளுமன்றம் விட்ட இடத்தை அதிபரின் ஆணைகள் நிரப்புகின்றன. அவை அடுத்த அதிபரின் கையெழுத்தில் அழிகின்றன. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒபாமா சேர்ந்தார், டிரம்ப் விலகினார், பைடன் மீண்டும் சேர்ந்தார், 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடியும் விலக ஆணையிட்டார். இந்த இழுபறி அங்கே வேலை பார்க்கும் தமிழர்களையும் நேராகத் தொடுகிறது. ஒரு நாட்டவருக்கு ஆண்டுதோறும் இத்தனை சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற வரம்பால், இந்தியாவில் பிறந்தவர்கள் பல்லாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். வேலைவாய்ப்புப் பிரிவில் அந்த வரம்பை நீக்கும் முன்வரைவு 2019 ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் அவையின் காலமே முடிந்துபோனது. ஆனால் புதிய ஹெச்-1பி பணி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்க 2025 செப்டம்பரில் ஓர் அதிபர் பிரகடனம் போதுமானதாக இருந்தது.

தேர்தலின் மீதான நம்பிக்கையும் இதில் அடிபடுகிறது. நாடு முழுவதற்கும் வாக்குப்பதிவை நடத்தும் ஒரே தேர்தல் ஆணையம் அமெரிக்காவில் இல்லை. ஆயிரக்கணக்கான உள்ளாட்சி அமைப்புகள் தேர்தலை நடத்துகின்றன. பல மாநிலங்களில் அதற்குத் தலைமை ஏற்கும் மாநிலச் செயலரே கட்சிச் சின்னத்தில் நின்று வென்றவர். 2018-இல் ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிரையன் கெம்ப், தாம் ஆளுநர் வேட்பாளராக நின்ற தேர்தலையே மேற்பார்வையிட்டார். 2020 தேர்தலுக்குப் பின் அதே ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், தம் கட்சி அதிபரே தொலைபேசியில் நெருக்கியும் முடிவை மாற்ற மறுத்தார். அமைப்பின் பாதுகாப்பு இப்படித் தனிமனிதர்களின் நேர்மையில் தொங்குவது ஆறுதல் தரும் செய்தி அல்ல.

## மாற்று வழிகளும் முட்டுக்கட்டைகளும்

அதிகம் பேசப்படும் மாற்று, தரவரிசை வாக்களிப்பு. வாக்காளர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் மற்றவர்களுக்கு எண்ணப்படும். மூன்றாம் வேட்பாளருக்குப் போட்டால் வாக்கு வீண் என்ற அச்சத்தை இது குறைக்கிறது. மெய்ன் மாநிலம் 2018 முதல் இதைப் பயன்படுத்துகிறது. அலாஸ்கா 2020-இல் வாக்கெடுப்பு மூலம், எல்லோருக்கும் பொதுவான பிரைமரி, அதில் முதல் நால்வர், பின் தரவரிசை வாக்களிப்பு என்ற முறையை ஏற்றது. பதவிநீக்க விசாரணையில் டிரம்பைக் குற்றவாளி எனத் தீர்மானிக்க வாக்களித்த குடியரசுக் கட்சி செனட்டர் லிசா மர்கோவ்ஸ்கி, தம் மாநிலக் கட்சி எதிர்த்தும் 2022-இல் இம்முறையில் வென்றார்.

ஆனால் 2024 நவம்பரில் இத்தகைய மாற்றங்களைக் கொலராடோ, ஐடஹோ, ஓரிகன், நெவாடா மாநில வாக்காளர்கள் நிராகரித்தனர். மிசௌரி அதைத் தடையே செய்தது. அலாஸ்காவில் அந்த முறை ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் உயிர் தப்பியது. கட்சிகளின் எதிர்ப்பு ஒரு காரணம். வாக்குச்சீட்டு குழப்புகிறது, முடிவு தாமதமாகிறது என்ற வாக்காளரின் தயக்கமும் ஒரு காரணம். தேர்தல் முறை மீதே நம்பிக்கை குறைந்த நாட்டில், புதிய முறை ஒன்றைக் கொண்டுவருபவரின் நோக்கத்தையும் மக்கள் சந்தேகிக்கிறார்கள். சலிப்பு மாற்றத்தைக் கோருவது போலவே மாற்றத்தைத் தடுக்கவும் செய்கிறது.

தேர்வாளர் குழுவை ஒழிப்பது இன்னும் கடினம். அரசியல் சாசனத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 50-இல் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். 1969-இல் கீழவை 338-க்கு 70 என்று அதை நிறைவேற்றியும், அடுத்த ஆண்டு செனட்டின் பிலிபஸ்டரில் அது முடங்கியது.

மிக எளிதில் மாற்றக்கூடியது கீழவைத் தேர்தல் முறைதான் என்பது பலருக்கும் தெரிவதில்லை. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பதை விதிப்பது அரசியல் சாசனம் அல்ல. 1967-இல் இயற்றப்பட்ட ஒரு சாதாரணச் சட்டம். அதைத் திருத்தி, ஒரு பெரிய தொகுதிக்கு மூன்று அல்லது ஐந்து உறுப்பினர்களை வாக்கு விகிதத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வழி செய்தால், கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி வாக்காளருக்கும் டெக்சஸின் ஜனநாயகக் கட்சி வாக்காளருக்கும், ஏன் மூன்றாம் கட்சிக்கும்கூட இடம் கிடைக்கும். எல்லைகளை வளைப்பதால் கிடைக்கும் ஆதாயமும் பெருமளவு குறையும். அந்தத் திருத்தத்துக்கு வாக்களிக்க வேண்டியவர்கள், இப்போதைய முறையால் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட முறை வென்று திரும்பும் அதே உறுப்பினர்கள்.

ஆகவே 2026 இடைக்காலத் தேர்தல் செய்திகளைப் படிப்பவர்கள் நவம்பர் 3 என்ற நாளை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. புதிய வரைபடத்தின்படி டெக்சஸில் பிரைமரிக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 மார்ச் 3. அங்குள்ள பெரும்பாலான தொகுதிகளில் யார் வாஷிங்டன் போவார் என்பது, நவம்பருக்கு எட்டு மாதம் முன்பாக, அன்று எத்தனை பேர் வாக்களிக்க வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.